செட்டில் ஆகிறதா, செட்டில் பண்ணுறதா?

"பிள்ளை இன்னும் செட்டில் ஆகேல்லையோ?"

இந்தக் கேள்வி கேக்கப்படாத கலியாண வீடும் இல்லை, செத்த வீடும் இல்லை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே விழும். மருத்துவபீடப் பிள்ளையிடம் "எப்ப செட்டில் ஆகிறாய்?" என்று கேட்பவர்கள், எங்களைப் பார்த்தால் "இதைப் படிச்சு எப்பிடிச் செட்டில் ஆகப் போறாய்?" என்பார்கள். கேக்கிறவை எல்லாரும் கெட்ட ஆக்கள் இல்லை. ஆனால் இந்தச் சொல் நல்ல சொல் இல்லை என்பதுதான் எங்கள் கட்சி. அது எங்கள் வீட்டு விறாந்தையில் மட்டும் உலாவுகிற சொல்லும் இல்லை. வர்த்தமானியிலும் ஒப்பந்தங்களிலும் காணிக் கந்தோரிலும் இருந்துகொண்டு எங்களைப் பற்றித் தீர்மானிக்கிற சொல்.

முதலில் அகராதியைப் பார்ப்போம். பறவை கொப்பில் வந்து குந்தினால் ஆங்கிலத்தில் செட்டில். கலங்கின தண்ணியில் மண்டி அடியில் படிந்தால் செட்டில். கடைக் கணக்கைக் கட்டி முடித்தால் செட்டில். வழக்காளியும் எதிராளியும் தங்களுக்குள் இணங்கினால் செட்டில். வயித்துக் குழப்பம் அடங்கினால் செட்டில். கட்டடத்தின் பாரத்தில் நிலம் கீழே இறங்குவதைப் பொறியியல் பீட நண்பர்கள் செட்டில்மென்ட் என்பார்கள். ஒரு பக்கம் கூடவும் மற்றப் பக்கம் குறையவும் இறங்கினால் சுவர் வெடிக்கும். ஆசைப்பட்டதைவிடக் குறைவாகக் கிடைத்ததோடு மனதை ஆற்றிக்கொள்ளவும் இதே சொல்தான். ஒரு நிலத்தில் போய்க் குடியேறவும் இதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் இருக்கையைக் குறித்த ஒரு சொல்லில் இருந்து இது வந்தது. ஆக, அடியில் இருப்பது இருத்தல்தான்.

இத்தனை பொருளுக்குள்ளும் ஒரு கள்ளம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் தானாகப் போய் இருந்தாலும் செட்டில், அவரை இன்னொருவர் பிடித்து இருத்தினாலும் செட்டில். வினை மாறாது. தமிழ் அப்படி விடாது. அந்தச் சொல்லைக் கடன் வாங்கின உடனேயே நாங்கள் அதை இரண்டாகப் பிளந்துவிட்டோம்: செட்டில் ஆகிறது, செட்டில் பண்ணுறது. சாதாரண தரத்தில் மனப்பாடம் செய்த தன்வினை, பிறவினைதான். குடியேறினார்கள் என்பது வேறு, குடியேற்றினார்கள் என்பது வேறு. யார் செய்தது என்ற கேள்வியை எங்கள் வினைச்சொல் விடாமல் கேட்கும்.

ஆனால் பெயர்ச்சொல்லுக்கு வந்ததும் நாங்களும் கோட்டை விடுகிறோம். குடியேறினாலும் குடியேற்றினாலும் பெயர் ஒன்றுதான்: குடியேற்றம். அதற்கு முன்னால் 'மீள்' என்று ஒட்டினால் மீள்குடியேற்றம். சனம் தானாகத் திரும்பி வந்ததா, கொண்டுவந்து இறக்கப்பட்டதா? அந்தச் சொல்லைப் பார்த்து ஒருத்தராலும் சொல்ல ஏலாது. அரச அறிக்கைகளும் தொண்டு நிறுவன அறிக்கைகளும் இந்தப் பெயர்ச்சொல்லை இவ்வளவு விரும்புவது ஏன் என்று இப்ப விளங்கும்.

மெனிக் பாமை எடுங்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறினவர்களில் கேப்பாபுலவு மக்கள் இருந்தார்கள். அவர்களது ஊர் இராணுவத்தின் கையில் இருந்தது. ஆகவே பேருந்து அவர்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லை, சீனியாமோட்டைக் காட்டில் இறக்கியது. கணக்கில் அதுவும் மீள்குடியேற்றம். 'மீள்' என்றால் எங்கே மீள்வது? அவர்கள் ஒருநாளும் இருந்திராத இடத்துக்கு எப்படி மீள்வது? 2017இல் அதே மக்கள் ஊர் வாசலில் கொட்டில் போட்டு வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். மீளக் குடியேறி முடிந்தவர்கள் என்று எழுதப்பட்டவர்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று போராடினார்கள்.

கல்லோயா, அல்லை, கந்தளாய், பதவியா என்று நீளும் குடியேற்றத் திட்டங்களின் கதையை நாங்கள் பிறக்க முன்னமே எழுதத் தொடங்கிவிட்டார்கள். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. 1957இல் பண்டா–செல்வா ஒப்பந்தத்திலும் 1965இல் டட்லி–செல்வா ஒப்பந்தத்திலும் காணியும் குடியேற்றமும் பேசப்பட்டன. இரண்டும் நிறைவேறவில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த பாடம். பாடத்தில் அதிகம் சொல்லப்படாத ஒரு துண்டு நிலத்தைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம்.

மணலாற்றில், இப்போது வெலிஓயா என்று பலகை நிற்கும் பக்கம், கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்று இரண்டு இருந்தன. 1977 வன்முறையில் வீடிழந்த மலையகத் தமிழர்கள் அங்கே கொண்டுவந்து இருத்தப்பட்டார்கள். 1984இல் படையினர் அவர்களை வெளியேற்றினார்கள். அந்த இடத்தில் சிங்களச் சிறைக்கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் புலிகள் அங்கே புகுந்து பெண்கள், பிள்ளைகள் என்றும் பாராமல் கொன்றார்கள். ஒரே நிலம், சில ஆண்டுகளுக்குள் இரண்டு குடியேற்றம். இரண்டு முறையும் அங்கே இருத்தப்பட்டவர்கள் நாட்டில் ஆகக் குறைந்த பலம் உள்ளவர்கள். தோட்டத்தில் இருந்து துரத்தப்பட்ட தொழிலாளியும் சிறையில் கிடந்த கைதியும் எல்லைக்கு வேலிக்கட்டையாக நடப்பட்டார்கள். இதில் யார் 'செட்டில் ஆனது'? ஒருவரும் இல்லை. எல்லாரும் பண்ணப்பட்டவர்கள். இதைச் சொன்னால் இரண்டு பக்கத்தில் இருந்தும் எங்களுக்குக் கல் விழும் என்று தெரிந்துதான் சொல்கிறோம்.

மலையக மக்களுக்கு இந்தச் சொல்லோடு இன்னும் பழைய உறவு உண்டு. 1964இல் இரண்டு பிரதமர்கள் இருந்து ஒரு 'பிரச்சினையை' செட்டில் பண்ணினார்கள். ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். கடைக் கொப்பியில் கணக்கு முடிக்கிற அதே செட்டில்தான் இது, பொருளுக்குப் பதிலாக மனிசர். தேயிலை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமாவது "நீங்கள் எங்க இருக்க விரும்புறீங்கள்?" என்று கேட்டுவிட்டு அந்தக் கணக்கு எழுதப்படவில்லை.

குற்றம் எப்போதும் கொழும்பில்தான் என்று நாங்கள் சொல்லிவிட்டுப் போக ஏலாது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கில் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பி வரத் தொடங்கினபோது எங்கள் ஊர்களில் என்ன சொன்னோம்? "அவை அங்க செட்டில் ஆகிட்டினம்தானே, பிறகேன் இங்க?" இந்த வசனத்தில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று பாருங்கள். வெளியேற்றின கை மறைந்துபோய்விடுகிறது. ஓலைக் கொட்டிலிலும் உவர் நிலத்திலும் கழிந்த 20 வருடம் ஒரு வசதியான வாழ்க்கை ஆகிவிடுகிறது. துரத்தப்பட்டவர் தானாகப் போய்க் குந்தின பறவை ஆகிவிடுகிறார். அரசு எங்களுக்குச் செய்கிற அதே இலக்கணத்தை நாங்கள் இன்னொருவருக்குச் செய்தோம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பிரித்தானியர் 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் அங்கேயும் நிற்பது இதே செட்டில்மென்ட்தான். முறை எளிது: இன்னின்ன காணிக்கு யார் உரித்தாளர் என்று வர்த்தமானியில் அறிவித்தல் போடுவார்கள். குறித்த காலத்துக்குள் ஒருவரும் வந்து உரிமை கோராவிட்டால் அது அரச காணி. 2025 மார்ச்சில் இதே சட்டத்தின் கீழ் வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு அறிவித்தல் வந்தது. மூன்று மாத அவகாசம். எதிர்ப்புக் கிளம்பின பிறகுதான் அரசாங்கம் பின்வாங்கியது.

அந்த மூன்று மாதத்துக்குள் உரிமை கோரவேண்டியவர்கள் யார்? உறுதி எரிந்துபோனவர்கள், தோம்பு தொலைந்துபோனவர்கள், காணிக்காரர் காணாமல் ஆக்கப்பட்ட வீடுகள். அதோடு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் 'செட்டில் ஆன' எங்கள் மாமாமார், சித்தப்பாமார். இரண்டு செட்டிலும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். அங்கே போய் நன்றாகச் செட்டில் ஆனார் என்று நாங்கள் பெருமைப்படுகிற அந்த மனிதரின் காணியைத்தான் இங்கே ஆளில்லை என்று செட்டில் பண்ணப் பார்க்கிறார்கள். அவர் அங்கே போனதும் பறவை பறந்துபோய்க் குந்தின மாதிரி இல்லை. 1983இலும் அதற்குப் பிறகும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினதை 'செட்டில்' என்று செல்லமாகச் சொல்லிச் சொல்லியே, ஓடவைத்தது யார் என்ற கேள்வியை நாங்களே மழுங்கடித்துவிட்டோம்.

2022 மார்ச்சில் அமைச்சரவை இன்னொரு செட்டிலுக்கு அனுமதி கொடுத்தது: காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒரு தடவைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபாய். 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியில் தெருவோரம் இருந்த அம்மாமார் அதை வேண்டாம் என்றார்கள். அவர்கள் காசு கேட்கவில்லை, பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். அடுத்த மாதமே அதே அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தது. தன் கணக்கைச் செட்டில் பண்ண வக்கில்லாத அரசுக்கு அம்மாமாரின் கணக்கை முடிக்க மட்டும் அவசரம் இருந்தது.

சரி, விறாந்தைக்குத் திரும்புவோம். வீட்டில் இந்தச் சொல் யாருக்கு எப்படிப் பாவிக்கப்படுகிறது என்று ஒருக்கால் காது குடுத்துக் கேளுங்கள். ஆண் பிள்ளை செட்டில் ஆகிறான். பெண் பிள்ளையைச் செட்டில் பண்ணி வைக்கிறார்கள். "மூத்தவளைச் செட்டில் பண்ணிப்போட்டம், இனி இளையவள்தான்." சீதனம், வீடு, நகை எல்லாம் சேர்த்து ஒரு பொறுப்பு, ஒரு கடன் கட்டி முடிகிறது. அவள் அடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாலும் செட்டில் பண்ணின கணக்கை மறுபடி திறக்க ஒருவருக்கும் மனமில்லை. பெரியவர்கள் கூடி அதையும் செட்டில் பண்ணி, அதே வீட்டுக்கு அனுப்புவார்கள். மத்தியஸ்த சபையில் இணக்கம் என்று எழுதப்படுகிற தாள்களில் எத்தனை பெண்களின் வாய் மூடியிருக்கிறது என்று சட்டம் படிக்கிற தோழிகளைக் கேளுங்கள்.

பட்டதாரிகளும் இதே வரிசைதான். படித்த துறைக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல் ஏதோ ஒரு கந்தோரில் கதிரை கிடைத்தால் "அப்பாடா, செட்டில்". அந்தக் கதிரையை நாங்கள் கேவலமாகப் பேசவில்லை. வீட்டில் அடுப்பெரிய அது வேணும். ஆனால் கிடைத்ததோடு அடங்கு என்பதையும் நீ நன்றாக இருக்கிறாய் என்பதையும் ஒரே சொல்லில் சொல்லாதேங்கோ. இரண்டும் ஒன்றில்லை.

"சொல்லில என்ன கிடக்கு, எல்லாரும் பழகின சொல்தானே" என்று சிலர் சிரிப்பார்கள். நாங்கள் தமிழில் ஆங்கிலம் கலக்கிறதைப் பற்றிப் பேசவில்லை. பஸ், பேனை, கந்தோர், கதிரை எல்லாம் வந்த சொல்தான், வந்து எங்களுக்கு உழைக்கின்றன. 'செட்டில்' என்பதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தூய தமிழில் 'குடியேற்றம்', 'தீர்வு' என்று எழுதினாலும் நோய் அப்படியே இருக்கும் என்று மேலே காட்டினோம். நாங்கள் கேட்பது சொல்லுக்குப் பின்னால் நிற்கிற ஆளை.

ஆகவே எங்களோடு எழுதுகிற, ஆய்வேடு செய்கிற, அறிக்கை மொழிபெயர்த்துக் கைச்செலவுக்கு உழைக்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். 'மீள்குடியேற்றம் நடைபெற்றது' என்று எழுதாதீர்கள். யார், யாரை, எங்கிருந்து, எங்கே கொண்டுபோய் இருத்தினார் என்று எழுதுங்கள். அந்தச் சனம் அதை விரும்பியதா என்றும் எழுதுங்கள். வசனம் நீளும், நீளட்டும். பெயர்ச்சொல்லை உடைத்து வினைச்சொல் ஆக்கினால் எழுவாய் வந்து முன்னால் நிற்கும். அரசானாலும் இயக்கமானாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆனாலும் அந்த இடத்தில் நிற்கத்தான் பயப்படுகிறார்கள்.

மாமிமாரிடமும் சித்தப்பாமாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்களைக் கண்டால் "செட்டில் ஆகிட்டியோ?" என்று கேக்காமல், "எங்க இருக்க ஆசைப்படுறாய், என்ன செய்ய ஆசைப்படுறாய்?" என்று கேளுங்கோ. எங்களிடம் சொல்ல நிறைய இருக்கு.