முகாம் முடிஞ்ச பிறகு எங்கே போவது?

‘உங்களுடன் ஸ்டாலின்’ திட்டம் 2025 ஜூலை 15-ல் தொடங்கியது சிதம்பரத்தில்தான். ஆகஸ்ட் 2 முதல் மாநிலம் முழுக்க ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ மருத்துவ முகாம்களும் வந்தன. பரிசோதனை, மாற்றுத்திறனாளி சான்று, காப்பீட்டு அட்டைப் பதிவு எல்லாம் ஒரே இடத்தில்.

இதன் அருமை கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில். கலெக்டர் ஆபீஸ் சுமார் 45 கி.மீ. தள்ளி கடலூரில். நடக்க முடியாதவரை பஸ்ஸில் ஏற்றி இறக்குவது யார்? கூட வர்றவருக்கும் அன்னிக்குக் கூலி போச்சு.

ஆனா முகாம் ஒரு நாள்தான். பந்தலைப் பிரித்ததும் பழைய அலைச்சல். திட்டத்தை நீட்டிப்பதுன்னா இன்னும் நூறு முகாம் போடுவதல்ல. வருவாய், சமூகநலம், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை ஊழியர்கள் வாரம் ஒரு நாளாவது சிதம்பரம் மருத்துவமனையிலேயே உட்காரட்டும், மனுவை வாங்கி வைக்க மட்டுமல்ல, முடித்துக் கொடுக்கிற அதிகாரத்தோடு.