சுவரில் ஒன்று, வாங்கில் ஒன்று

எமது கத்தோலிக்க ஆண்கள் கல்லூரிகளுள் எதனுள் நுழைந்தாலும் முகப்புச் சுவரில் சில சொற்கள் எம்மை வரவேற்கும். அன்பு, நீதி, சகோதரத்துவம், சேவை என்பன அவை. காலைப் பிரார்த்தனையில் அவை ஓதப்படும். பரிசளிப்பு விழாவில் அதிபரின் அறிக்கை அவற்றுடன் தொடங்கி அவற்றுடனேயே முடியும். பழைய மாணவர் சங்க விருந்தில் அவற்றின் பெயரால் கண்கள் பனிக்கும். இச்சொற்களை வேண்டாமென்பார் எவருமிலர். கடை முதலாளியும் ஏற்பார். அவரிடம் மூட்டை சுமப்பவரும் ஏற்பார். எல்லாரும் இத்துணை எளிதில் ஏற்கும் ஒன்று, இன்னும் எவரிடமும் எதனையும் கேட்கவில்லை என்பதே பொருள். கேட்கத் தொடங்கும் கணத்திலேதான் அது விழுமியமாகின்றது.

ஒரு பாடசாலைச் சமூகத்தின் பொது விழுமியம் எங்கே வாழ்கின்றது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. அது சுவரில் வாழவில்லை, வாங்கிலே வாழ்கின்றது என்பது எமது விடை. எந்தப் பையன் எவனுக்கருகில் அமர்கின்றான், அவனை அங்கு அமர்த்துவதற்கு அவன் தந்தை எதனைக் கொடுத்தார், அந்த வாங்கைத் துடைப்பவருக்குக் கல்லூரி எதனைக் கொடுக்கின்றது என்பவற்றை ஆராய்ந்தாற் போதும். விழுமியம் தானே வெளிப்படும்.

வாங்கு என்று நாம் கூறுவது உவமைக்காக அன்று. யாழ்ப்பாணத்தில் வாங்குக்காகவே ஒரு போராட்டம் நிகழ்ந்துள்ளது. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் பாடசாலைகளில் நிலத்திலும் தாழ்ந்த பலகைகளிலும் இருத்தப்பட்ட காலம் அது. 1920களின் இறுதியில், அரசாங்கத்தின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென்று பணிக்கப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. மேலிடத்துக்கு மனுக்கள் அனுப்பப்பட்டன. 1930ஐ ஒட்டிச் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள் சம ஆசனத்தையும் சமபந்தி போசனத்தையும் முன்வைத்துப் பழைமையோடு மோதினர். இதில் எமது கவனத்துக்குரியது ஒன்றுண்டு. கிறிஸ்தவ நிறுவனங்கள் இக்கொடுமைக்கு விலக்காக இருந்துவிடவில்லை. மனிதர் அனைவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று போதித்த கூடங்களிலேயே ஒரு பிள்ளை வாங்கிலும் மற்றப் பிள்ளை நிலத்திலும் இருந்தன. வாசகத்திற் குறையில்லை, வாங்கிலேதான் குறை இருந்தது. வாங்கைத் திருத்தியது மறையுரை அன்று. சட்டமும் இளைஞர் போராட்டமுமே அதனைத் திருத்தின.

இவ்வாறு கூறுவதால் இக்கல்லூரிகளின் பணியை நாம் மறுக்கின்றோம் என்று எவரும் கருதற்க. அமல மரித் தியாகிகள் சபையினர் 1847இல் இலங்கைக்கு வந்தனர். பிற்காலத்திற் சம்பத்திரிசியார் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் 1850இல் யாழ்ப்பாணத்தில் உருவாயிற்று. கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவ மாணவர் பல்லாயிரவரும் இத்தகைய கல்லூரிகளிற் பயின்று உயர்ந்தனர். மறுக்கவியலாத உண்மை இது. நாம் கேட்பதெல்லாம் இக்கல்லூரிகள் தம் மூலத்துக்கு உண்மையாக இருக்கின்றனவா என்பதே.

அந்த மூலம் எத்தகையது? பிரான்சில் ஜோன் பப்ரிஸ்ற் த லா சால் (1651-1719) என்னும் குருவானவர், செல்வக் குடியிற் பிறந்திருந்தும், ஏழைகளின் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகள் அமைத்தார். பஞ்சத்தின்போது தம் முதுசொத்தை ஏழைகளுக்கே வழங்கினார். இலத்தீனை முதன்மைப்படுத்தாது மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியிலே கற்பித்தார். கட்டணம் பெறாமையால் அவருடைய பாடசாலைகள் பாரிஸ் நகரத்து எழுத்தாசிரியர்களின் வருவாயைப் பாதித்தன; அவர்கள் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். விழுமியம் என்றால் இதுவே. அது ஒருவரின் சொத்தைக் கேட்டது. நீதிமன்றப் படியேறச் செய்தது. அவர் நிறுவிய சபையினர் கொழும்பிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே கல்விப் பணி தொடங்கினர்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுள் மிகப் பெரும்பாலானவை அரசின்கீழ் வந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளினுள்ளே குடியிருந்து எதிர்த்தனர். கல்வி நாட்டின் உடைமை என்ற கொள்கையின் பக்கமே நாம் அன்றும் இன்றும் நிற்பவர்கள். எனினும் ஒன்றை நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும். அரசுதவியின்றித் தனித்து நிற்கத் துணிந்த கல்லூரிகள் கட்டணம் அறவிடவும் சட்டம் இடந்தரவில்லை. களியாட்ட விழாக்களாலும் பெற்றோரின் சிறு நன்கொடைகளாலும் அவை உயிர் தரித்தன. விந்தை யாதெனில், கட்டணத்தைச் சட்டம் பறித்த அந்த இடர்க்காலத்திலேதான் அவை தம் சுவர் வாசகத்துக்கு மிக நெருங்கி நின்றன. கூடிச் சுமந்தமையால் அது சமூகமாயிற்று.

இன்றைய நிலை என்ன? உதவி பெறும் தனியார் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு வழங்குகின்றது. அஃதாவது, தோட்டத்திற் கொழுந்து பறிப்பவரும் கரைவலை இழுப்பவரும் செலுத்தும் வரியும் அதிற் கலந்துள்ளது. ஆயின் அவர்தம் பிள்ளை அங்கே அனுமதி பெறுவது எளிதா? வசதிக் கட்டணம், கட்டட நிதி, சங்க நிதி எனப் பெயர்கள் பல, வாயில் ஒன்றே. நேர்முகத்தில் தந்தையின் தொழில் கேட்கப்படுவது எதற்காக? பிள்ளையை அறிவதற்கா, நன்கொடையை அளப்பதற்கா?

உள்ளே வந்த பிள்ளையின் நிலையையும் நோக்குவோம். கெட்டிக்காரர் ஒரு பிரிவிலும் மற்றையோர் கடைசிப் பிரிவிலும் அடுக்கப்படுகின்றனர். தனியார் கல்வி நிலையத்துக்குப் பணம் கட்டக்கூடியவன் முதற் பிரிவுக்கு ஏறுகின்றான். வீட்டில் விளக்கும் மேசையும் இல்லாதவன் கடைசிப் பிரிவில் ஒதுங்குகின்றான். மாணவத் தலைவர் பட்டியலும் கிரிக்கெட் அணியும் பெரும்பாலும் எங்கிருந்து தெரிவாகின்றன என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். துடுப்பும் காலுறையும் வாங்க இயலாதவனுக்குத் திறமை இருந்து பயனென்ன? சாதியின் தாழ்ந்த பலகை அகற்றப்பட்டது. வருமானத்தின் தாழ்ந்த பலகை சத்தமின்றி உள்ளே கொண்டுவரப்பட்டது. பல வேளைகளில் இரண்டிலும் அமர்த்தப்பட்டவர் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆண்கள் கல்லூரிக்கே உரிய இன்னொரு நோயும் உண்டு. கல்லூரிப் பற்று என்பதைக் கல்லூரிக் கொடியின் மீதுள்ள வெறியாகச் சுருக்கிவிடுகின்றோம். பெரிய போட்டி நாளில் ஒரே குரலில் முழங்கும் ஆயிரம் பையன்களைச் சமூகம் என்கின்றோம். அவர்களுள் ஒருவன் பசியோடு நிற்பதை அருகில் நிற்பவன் அறியானாயின் அது சமூகமா, கூட்டமா? ஆண்மை என்ற பெயராற் பிரம்பும் பரிகாசமும் பாராட்டப்படுகின்றன. உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. அன்பு என்று எழுதிய சுவரருகே பிரம்பு இன்னும் சாய்ந்திருக்குமாயின் பிள்ளை எதனைக் கற்பான்? வாசகத்தையா, பிரம்பையா?

இவையெல்லாம் இடதுசாரிகளின் குற்றச்சாட்டு என்று ஒதுக்குவார்க்குத் திருச்சபையின் ஏடுகளையே காட்டுவோம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருள் வளம் குன்றியோர்க்கும் குடும்ப ஆதரவற்றோர்க்கும் விசுவாசமில்லாதோர்க்கும் கத்தோலிக்கப் பாடசாலை சிறப்பாகப் பணியாற்றல் வேண்டும் என்கின்றது. 1977இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், பணக்கார வகுப்பினர்க்கே பெரிதும் பணிபுரியும் பாடசாலை அவர்தம் சலுகையை நிலைநிறுத்த உதவிவிடும் என எச்சரிக்கின்றது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கல்லூரிகள் நடத்திய இயேசு சபையின் உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே, 1973இல் ஸ்பெயினின் வலன்சியா நகரிற் பழைய மாணவர்முன் நின்று, உங்களை நாம் நீதிக்காகப் பயிற்றினோமா என்று வினவி, இல்லை என்று தாமே விடையும் பகர்ந்தார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்றார். கேட்டிருந்தோர் சிலருக்கு அது கசந்தது. எமது பரிசளிப்பு விழாக்களில் அக்கசப்பை வழங்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

பணமின்றிக் கல்லூரி நடத்துவதெங்ஙனம் என்று வினவுவர் சிலர். நியாயமான வினா. ஆனால் எவரிடம் எவ்வளவு பெறுவது என்பதை வருமானத்துக்கேற்ப வகுத்தலும், கணக்கைப் பெற்றோர் அனைவர் முன்னும் வைத்தலும் பணமில்லாமையால் முடியாத காரியங்களல்ல, மனமில்லாமையால் முடியாதவை. ஏழைகளுக்கு நாம் உதவுகின்றோமே என்பர் வேறு சிலர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பெற்றோர் தவித்தபோது பலர் மனமுவந்து உதவினர், அதனை இகழோம். ஆயினும் பிள்ளையை மேடையேற்றி, சப்பாத்துப் பெட்டியைக் கையிற் கொடுத்து, படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவது சகோதரத்துவம் அன்று. சகோதரனுக்குக் கொடுப்பவன் புகைப்படக்காரனை அழைப்பதில்லை. தருமம் மேலிருந்து கீழே வருவது. நீதி ஒரே வாங்கில் இருப்பது.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! அதிபரும் ஆயரும் முதலில் மாறட்டும் என்று காத்திருத்தல் எமக்கு அழகன்று. கடைசிப் பிரிவுக்குச் சிறந்த ஆசிரியரை அனுப்பக் கோருவோம். அனுமதி விதிகளையும் கட்டணக் கணக்கையும் அறிவித்தற் பலகையில் இடுமாறு கேட்போம். மலசலகூடம் கழுவும் சிற்றூழியரின் பெயரையும் சம்பளத்தையும் ஆசிரியர் கூட்டத்திற் பேசுவோம். செபமாலை உருட்டும் பையனும் திருநீறணிந்த பையனும் ஒருங்கே பகிரக்கூடிய விழுமியம் வழிபாட்டில் இல்லாதிருக்கலாம், நீதியில் உண்டு. அதனாலேயே அது பொது விழுமியம்.

சுவரிலுள்ள சொற்களை அழிக்குமாறு நாம் கோரவில்லை. அவை அங்கேயே இருக்கட்டும். அவற்றைச் சான்றாக வைத்தே ஒவ்வொரு தவணையும் வாங்குகளை எண்ணுவோம்; எவன் எங்கே அமர்ந்திருக்கின்றான், எவன் வாயிலுக்கு வெளியே நிற்கின்றான் என்று உரத்துக் கேட்போம். விடை கிடைக்கும்வரை கேட்பதே எமது பணி.