ஓடினால்தான் இயந்திரம்

பழைய சலவை இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைப்போரைக் கண்டால் பலர் நகைப்பர். நாணயம் சேர்ப்பதும் அஞ்சல்தலை சேர்ப்பதும் அறிவுடைய பொழுதுபோக்கு எனப் போற்றப்படுகின்றன. துணி துவைக்கும் தொட்டியைச் சேர்ப்பது மட்டும் பித்து எனப்படுகிறது. இந்த எண்ணம் சரியன்று.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்னும் ஊர் உள்ளது. அங்கு உழவுக் கருவிகள் செய்துவந்த மேடேக் நிறுவனம் 1907ஆம் ஆண்டில் சலவை இயந்திரமும் செய்யத் தொடங்கியது. அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் மூடியின் அடியில் மரக்குச்சிகள் இருந்தன. அவை துணியைப் பற்றி நீருக்குள் இழுத்துச் சுழற்றின, துணி நைந்தது. 1922இல் இந்நிறுவனம் அம்முறையைத் தலைகீழாக மாற்றியது. தொட்டியின் அடியில் இறக்கைகள் கொண்ட தண்டு ஒன்றைப் பொருத்தியது. தயிர் கடையும் மத்தைப்போல அத்தண்டு இடமும் வலமுமாக மாறிமாறித் திரும்பும். துணி நீரில் இழுபடாது; நீரே துணியின் ஊடே பாய்ந்து அழுக்கை நீக்கும். பின்னர்த் துணியை எடுத்து இரண்டு இரப்பர் உருளைகளுக்கு இடையே செலுத்துவர். கரும்பிலிருந்து சாறு வழிவதுபோல நீர் பிழியப்பட்டுத் தொட்டிக்கே திரும்பும். மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கெனப் பெட்ரோலில் ஓடும் சிறிய எஞ்சினும் உண்டு. அதனைக் காலால் மிதித்துக் கிளப்ப வேண்டும்!

இவற்றைச் சேகரிப்போர் தேடுவது அழகை அன்று. ஒரு பல்சக்கரம் மற்றொன்றைத் திருப்புவதைக் கண்ணால் காணலாம். பழுது எங்கே என்பதைக் காதால் அறியலாம். கொலராடோ மாநிலத்தில் ஓய்வுபெற்ற மின்பொறியியல் பேராசிரியர் ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களைச் சேர்த்தார். இன்றைய இயந்திரத்திலோ மின்னணுப் பலகை ஒன்று கெட்டால் முழு இயந்திரமும் முடங்குகிறது. பலகையின் விலையைக் கேட்டவர் புதியதையே வாங்கிவிடுகிறார்.

பழையவை நீரை வீணாக்கும் என்பர். ஆனால், அக்காலத்தில் ஒரே சோப்பு நீரில் முதலில் வெள்ளைத் துணிகளையும், அடுத்து வண்ணத் துணிகளையும், இறுதியில் உழவர் உடைகளையும் துவைத்தனர். ஆபத்தானவை என்னும் குற்றச்சாட்டை மட்டும் மறுக்க இயலாது. பிழியும் உருளைகள் விரலையும் கூந்தலையும் பற்றியதுண்டு. அதற்காகவே உருளைகளை உடனே விலக்கும் கம்பியை அமைத்தனர். ஆகவே, இவற்றை இயக்கத் தெரிந்தவரே இயக்க வேண்டும்.

எனினும், இயக்கத்தான் வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் அசையாமல் நிற்கும்போது அது வெறும் தகரத்தொட்டி. நீர் ஊற்றி, தண்டு அசையும்போதுதான், துவைகல்லில் கை சிவக்க உழைத்த பெண்களுக்கு அது எதைக் குறைத்தது என்பது பார்ப்பவர்க்கு விளங்கும். பூட்டி வைத்தால் இரப்பர் இறுகி வெடிக்கும், எண்ணெய் உறையும், பழுது நீக்கும் கைத்திறனும் மறையும்.

உருளை இயந்திரம் செய்வதை மேடேக் 1983இல் நிறுத்தியது. நியூட்டன் ஆலையும் 2007இல் மூடப்பட்டது. இன்று உதிரிபாகம் வேண்டுவோர் பழைய களஞ்சியங்களில் தேடுகின்றனர். துருப்பிடித்த இரண்டு இயந்திரங்களைப் பிரித்து, ஒன்றை ஓடச் செய்கின்றனர்.