அரை... குறை!

லஞ்ச் அவர். டிபன் பாக்ஸைத் திறந்து, மூன்றாவது நாளாக வந்திருந்த வெண்டைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். டெஸ்பாட்ச் செக்ஷன் நண்பர் வந்தார். (இனிமேல் அவரை டெஸ்பாட்ச் என்றே வைத்துக்கொள்வோம். முழுப் பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்.) கையில் டெய்லர் டேப்.

"சார், ஒரு நிமிஷம் அந்த பீரோவை ஒட்டி நில்லுங்க."

"எதுக்கு? ஆபீஸ்ல யூனிஃபாரம் தைச்சுத் தரப் போறாங்களா?"

"செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க சார். குதிகால் ஒட்டணும். தலை நிமிரணும்."

நின்றேன். அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரை என் தலைமேல் வைத்து அழுத்தி, பென்சிலால் கோடு போட்டு, கீழே குனிந்து அளந்தார்.

"168. போன மாசம் மெடிக்கல் செக்கப்ல உங்களுக்கு எவ்வளவு போட்டாங்க?"

"அதே 168."

"அப்ப டேப் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தில் இருந்தது வருத்தமா, வேறு ஏதாவதா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். அவர் பையன் பி.இ. மெக்கானிக்கல். அரசாங்கத் தீயணைப்புத் துறையில் தீயணைப்பாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதிப் பாஸும் பண்ணிவிட்டான். அடுத்தது உடல் அளவு. முதல்நாள் சாயந்திரம் வீட்டில் சுவரோடு நிறுத்தி அளந்து பார்த்தால் 169.5. கேட்பதோ 170.

அரை சென்டிமீட்டர்! ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை.

பி.இ. படித்த பையன் ஏன் தீயணைக்கப் போகிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். காரணம் ஒரு குண்டான். இரண்டு வருஷம் முன்னால் டெஸ்பாட்ச்சின் பேத்தி எவர்சில்வர் குண்டானுக்குள் தலையை விட்டுவிட்டாள். போனது வரவில்லை. எதிர்வீட்டு மாமி நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னார். மாடி வீட்டுக்காரர் சோப்புத் தண்ணீர் என்றார். எல்லாம் ஊற்றி, குழந்தை தாளிக்கத் தயாரான நிலையில் இருந்தபோது யாரோ 101-க்கு போன் போட்டார்கள். வந்தார்கள். ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குண்டானுக்கு வெளியிலிருந்து, "பாப்பா, உள்ளே என்ன தெரியுது? நிலா தெரியுதா?" என்று பேசிக்கொண்டே இருக்க, இன்னொருவர் இடுக்கில் ஈரத் துணியைத் திணித்துத் திணித்துப் பாத்திரத்தை வெட்டினார். கால் மணி நேரம். ஒரு கீறல் இல்லை.

போகும்போது பையன் கேட்டிருக்கிறான். "சார், இந்த வேலைக்கு என்ன படிச்சிருக்கணும்?"

"பத்தாவது பாஸ் போதும் தம்பி. நான் எம்.காம்."

அதோடு அவன் ஐ.டி. கம்பெனிகளுக்கு ரெஸ்யூம் அனுப்புவதை நிறுத்திவிட்டான்.

பத்தாவது போதும் என்பது நிஜம்தான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு வைக்கிறது. 2022-ல் வந்த அறிவிப்பில் தீயணைப்பாளர் இடம் 120. 2023-ல் 674. 2025-ல் 631. சம்பள விகிதம் 18,200-ல் ஆரம்பித்து 67,100 வரை. வயது 18 முடிந்திருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்கு 26 வரை, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. நம்ம பையன் பி.சி. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் 28-ஐத் தாண்டிவிடுவான். அதனால் இந்த அரை சென்டிமீட்டர் இப்போது விட்டால் விட்டதுதான்.

(சகோதரிகள் கோபிக்க வேண்டாம். இந்தத் தீயணைப்பாளர் இடங்கள் ஆண்களுக்கு மட்டும் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் மேல் அதிகாரிகளாகப் பெண்கள் 2003-லேயே குரூப் 1 தேர்வு எழுதி உள்ளே போய்விட்டார்கள்.)

எழுத்துத் தேர்வில் அவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. 80 மார்க்குக்கு 32 எடுக்காவிட்டால் அடுத்த பேப்பரைத் திருத்தவே மாட்டார்கள். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளை. வீட்டில் டெஸ்பாட்ச்தான் வாத்தியார். "தீயனைப்பு" என்று எழுதினானாம்.

"டேய், மூணு சுழி போடுடா. ரெண்டு சுழி போட்டா தீ அணையாது. 'அனைத்தும்' எரிஞ்சு போயிடும்!"

அப்புறம் 70 மார்க்குக்கு மெயின். பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்றால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் எண் வரிசை, திசை, 'அவர் என் அம்மாவின் அண்ணன் மகளின்...' ரகம்தான். நம் குடும்பங்களில் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குச் சுலபம்.

ஒருநாள் ராத்திரி டெஸ்பாட்ச் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ஏப்ரல் 14 என்ன நாள்?"

"தீயணைப்புச் சேவை தினம்."

"தமிழ்ப் புத்தாண்டுடா!"

"ரெண்டும்தாம்பா. 1944 ஏப்ரல் 14, பம்பாய் துறைமுகத்துல ஒரு கப்பல்ல தீ. உள்ளே பருத்தி, கூடவே வெடிமருந்து. அணைக்கப் போன 66 பேர் செத்துட்டாங்க. அதுக்காகத்தான் அந்த நாள்."

டெஸ்பாட்ச் அதற்கப்புறம் அன்றைக்குக் கேள்வி கேட்கவில்லையாம்.

சரி, உடம்புக்கு வருவோம். உயரம் 170. எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. மார்பு 81 சென்டிமீட்டர். மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். இதைக் கேட்டதும் நானும் அதே டேப்பால் ஆபீஸிலேயே அளந்து பார்த்தேன். மூச்சை இழுத்ததும் விரிந்ததென்னவோ நிஜம்தான். எது விரிந்தது என்பதைத் தட்டச்சு மேடம் சொல்லித்தான் தெரிந்தது. அப்புறம் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். அதில் தேறினால் கயிறு ஏறுவது, நீளம் அல்லது உயரம் தாண்டுவது, 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் மூன்றுக்கும் சேர்த்து 24 மார்க். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு சர்டிபிகேட்டுகளுக்குத் தலா 2. காலேஜில் என்.எஸ்.எஸ். கேம்ப் வேண்டாம் என்று சினிமாவுக்குப் போனவர்கள் இங்கே கொஞ்சம் அழுதுவிட்டு வரலாம்.

"இந்த அளவெல்லாம் எதுக்கு தம்பி? நெருப்பு என்ன ஆளோட உயரத்தைப் பார்த்தா அணையப் போகுது?" என்று ஒருநாள் அவனிடமே கேட்டேன்.

மெக்கானிக்கல் இன்ஜினீயர் அல்லவா, பேப்பர் எடுத்துவிட்டான். "அங்கிள், அவங்க பிடிக்கிற குழாய் 63 மில்லிமீட்டர் விட்டம். 15 மீட்டர் நீளம்னு வச்சுக்குங்க. பை ஆர் ஸ்கொயர் போட்டா, உள்ளே நிக்கிற தண்ணி மட்டும் 46 கிலோவுக்கு மேல. கிட்டத்தட்ட ரெண்டு அரிசி மூட்டை. அதைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறணும். முனையில தண்ணி பீய்ச்சுறப்போ அது நம்மளைப் பின்னால தள்ளும். சும்மா நின்னா விழுந்துடுவோம்."

எங்கள் வீட்டு மூட்டை 25 கிலோ. கடைப்பையன்தான் கொண்டுவந்து வைப்பான். பேச்சை மாற்றினேன்.

லஞ்ச் அவருக்கு வருவோம். டெஸ்பாட்ச் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, எனக்கு எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. மனுஷனுடைய உயரம் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. முதுகெலும்பு வளையங்களுக்கு நடுவே மெத்து மெத்தென்று தட்டுகள் இருக்கின்றன. பகலெல்லாம் நின்று, உட்கார்ந்து, உடம்பின் பாரத்தில் அவை அமுங்குகின்றன. ராத்திரி படுத்தால் நீர் ஏறி மறுபடி உப்புகின்றன. ஒரு சென்டிமீட்டர் வரைக்கும், அதற்கு மேலும்கூட வித்தியாசம் வரும்.

"சாயந்திரம்தானே அளந்தீங்க? நாளைக்குக் காலையில எழுந்ததும் அளந்து பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நன்றி சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்ததும் வராததுமாக என் டேபிளுக்குப் போனேன் என்றா நினைக்கிறீர்கள்? நேரே டெஸ்பாட்ச்.

"என்ன ஆச்சு?"

"170.3."

"அட! ஸ்வீட் எங்கே?"

அவர் தபாலில் முத்திரை குத்திக்கொண்டே இருந்தார். நாலு கவருக்குக் குத்திவிட்டு, "அதை ஏன் சார் சொன்னீங்க?" என்றார்.

நான் விழித்தேன்.

"முந்தாநாள் 169.5-னு வந்துது பாருங்க, அன்னிக்கு ராத்திரி வீட்டுல யாரும் சரியா சாப்பிடல. நான் மட்டும் நல்லா தூங்கினேன் சார். ரெண்டு வருஷத்துல அப்படித் தூங்கினதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "2012 பொங்கல் சமயம் ஞாபகம் இருக்கா? எழிலகம், கலச மஹால் எரிஞ்சுது. கட்டடம் சரிஞ்சு ஒரு தீயணைப்பு வீரர் போயிட்டார். பிரியா ரவிச்சந்திரன்னு அந்த லேடி ஆபீஸருக்குத் தீக்காயம். எல்லாரும் வெளியில ஓடி வர்ற எடத்துக்குத்தானே சார் இவன் உள்ளே போகணும்? டேப் தப்பா இருக்கக்கூடாதேன்னுதான் உங்க தலைமேல வச்சு அளந்தேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "கேன்டீன் போலாமா?" என்றேன். வந்தார். காபியை ஆற்றினார், ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்க பேத்தி குண்டானை வெட்டினாரே, அவருக்கும் ஒரு அப்பா இருப்பார் இல்லையா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நல்லவேளை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும்.

பையனுக்கு அளவெடுக்கிற இடம் திருநெல்வேலி. விண்ணப்பத்தில் பாட்டி வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறான். பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போனால் ஏறின உயரம் எல்லாம் விழுப்புரம் தாண்டுவதற்குள் இறங்கிவிடும் என்று நான்தான் சும்மா இருக்காமல் சொல்லி வைத்தேன்.

போன வாரம் டெஸ்பாட்ச் அரை நாள் லீவு போட்டார். என்னையும் ரிசர்வேஷன் கவுன்ட்டருக்கு இழுத்துக்கொண்டு போனார். மொபைலில் போட்டால் பெர்த் எப்படி விழும் என்று நம்பிக்கை இல்லையாம். நெல்லை எக்ஸ்பிரஸ். ஃபாரத்தை இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, கம்பிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்தார்.

"மேடம், சைடு பெர்த் மட்டும் போட்டுடாதீங்க. காலை நீட்ட முடியாது. பையன் 170 உயரம்."

"169.5 இல்ல?" என்றேன் பின்னாலிருந்து.

"காலையில 170 சார்" என்றார், திரும்பாமலே.