ஏகாதசியும் எடைக் குறைப்பும்

போன வருஷம் ஆவணியில் என் எடை 84 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 30-ஐத் தாண்டியது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். சர்க்கரை வேறு பத்து வருஷமாகக் கூடவே இருக்கிறது. டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், எட்டு கிலோவாவது இறக்குங்க. இல்லேன்னா மாடிப்படியை மறந்துடுங்க" என்றார்.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர். சின்னப் பெண். வயசு, எடை, மாத்திரை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். என்ன சாப்பிடுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினாள். காலை மூன்று முட்டை. மத்தியானம் கோழி அல்லது மீன், பச்சைக் காய்கறி. ராத்திரி பூண்டு போட்டு வதக்கிய காளான். அரிசி, கோதுமை, கிழங்கு, பழம் எல்லாம் கூடாது.

எங்கள் அகத்தில் முட்டை என்ன, வெங்காயம் பூண்டே கிடையாது. "நான் வெஜிடேரியன்மா" என்றேன். உடனே பேனாவை எடுத்து முட்டை, கோழி, மீன் மூன்றையும் அடித்தாள். மூன்றுக்கும் பதிலாகப் "பனீர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை முடிந்தது.

சிறுசேரிக்குச் சின்னப் பிள்ளையோடு குடிவந்த இந்த ஆறு வருஷத்தில் பனீர் என்பது பேரனுக்கு மட்டும் வாங்கும் பொருளாக இருந்தது. இப்போது மூன்று வேளையும் எனக்கு. ஜீரகமும் மிளகும் தட்டிப்போட்டு, தேங்காய்த் துருவி, என் ஆத்துக்காரி எத்தனை விதமாகத்தான் பண்ணுவாள்! பதினைந்தாம் நாள் அதைப் பார்த்தாலே எழுந்து போகத் தோன்றியது. அடுக்குமாடி நண்பர் ஒருவர், "பேலியோவில் வெஜிடேரியனுக்குக் காலையில் நூறு பாதாம்" என்றார். நியாண்டர் செல்வன் முகநூல் குழு வழியாகத் தமிழர்களிடையே பரப்பிய உணவுமுறை அது. பலருக்குப் பலன் கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நூறு பாதாம் ஏறக்குறைய 700 கலோரி. கடித்து முடிப்பதற்குள் என் கட்டுப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது.

மாவுச்சத்தைக் குறை என்று சொல்வதில் தப்பில்லை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிற்று. என் குறை வேறு. இந்தப் பட்டியல்களெல்லாம் மாமிசம் சாப்பிடும் மேஜையில் பிறந்தவை. 1863-ல் லண்டனில் பான்டிங் என்ற மனிதர், இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில்காரர், ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் எல்லாவற்றையும் விட்டு இளைத்த கதையைச் சிறு புத்தகமாகப் போட்டார். அவர் தட்டில் மாமிசமும் மீனும் இருந்தன. நம் தட்டிலோ புரதம் வருவதே பருப்பிலும் தயிரிலும்தான். அந்தப் பட்டியலில் மாமிசத்தை அடித்தால் மட்டும் நம் பட்டியல் ஆகிவிடுமா?

நியூஜெர்சியில் பெரியவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு யூதக் கிழவர் உண்டு. அவர்கள் உணவு விதிக்குக் கோஷர் என்று பெயர். பன்றி, இறால் விலக்கு. மாமிசத்தோடு பால், நெய், சீஸ் எதுவும் சேரக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். (நம் வீட்டுப் பத்தும் மடியும் ஞாபகம் வருகிறதல்லவா?) அவருக்கும் டாக்டர் இளைக்கச் சொன்னார், மாமிசத்தின் மேல் சீஸ் போட்டுச் சாப்பிடு என்று ஒரு தாள் வந்தது. மனிதர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆலோசகரை உட்காரவைத்துத் தன் சமையலறையைப் பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்தாராம். அதன் பிறகுதான் புதுத் தாள். நான் அதைச் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அதன் பலன் ஒரு ஏகாதசியன்று தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை என் ஏகாதசி வெறும் பெயருக்குத்தான். சாதம் கூடாது, ஆனால் அதே அரிசியை உடைத்து, தேங்காயும் எண்ணெயும் தாராளமாக விட்டு உப்புமா கிளறினால் அது பலகாரம், சாப்பிடலாம்! ராத்திரிக்கு அடை, வெண்ணெய், வெல்லம். மாதம் இரண்டு முறை இப்படி "விரதம்" இருந்துதான் 84 கிலோ வந்ததோ என்று சந்தேகம். எந்தச் சாஸ்திரம் அடைக்கு வெண்ணெய் வைத்துக்கொள்ளச் சொன்னது? நாக்கு சொன்னது.

டயட் வீறாப்பில், அந்த ஏகாதசியில் சுத்த உபவாசம் என்று முடிவு செய்தேன். காலை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டேன். நான் சாப்பிடும் கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். பத்தரை மணிக்கு வளாகத்துக்குள் நடந்துகொண்டிருந்தவனுக்குச் சட்டை நனைய வியர்வை, கை நடுக்கம். வாட்ச்மேன் நாற்காலியில் உட்காரவைத்து வீட்டுக்குப் போன் பண்ணினார். இவள் கருவியோடும் சர்க்கரை டப்பாவோடும் ஓடிவந்தாள். 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று ஸ்பூன் சர்க்கரையை நீட்டினபோது நான், "ஏகாதசிடி" என்றேன். "ஏன்னா, சர்க்கரை என்ன தானியமா? வாயைத் திறங்கோ!" என்றாள். கால் மணி கழித்து 92.

எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்குள் என்று ஏகாதசிக்கு வயது சொன்ன பெரியவர்கள், நோயாளிக்கு விலக்கும் சொல்லியிருக்கிறார்கள். ரம்ஜான் நோன்பிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் யூதர்கள் யோம் கிப்பூர் உபவாசத்தையே முறித்துவிட வேண்டும். மதம் வளைந்துகொடுக்கிறது. வளையாமல் நின்றது என் பிடிவாதமும், கேள்வியே கேட்காத அந்த அச்சடித்த தாளும்தான். என்னைக் கேட்டால், உணவு ஆலோசகர்களின் முதல் கேள்வி "உங்கள் வீட்டில் என்ன விலக்கு, எந்த நாளில் விரதம்?" என்று இருக்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும், கூச்சப்படாமல். சமைப்பவரையும் கூட அழைத்துப் போவது உத்தமம்.

அடுத்த முறை இவளையும் அழைத்துப் போனேன். அதே பெண்தான். இவள் ஒரு மணி நேரம் பேசினாள். அந்தப் பெண்ணும் ஆர்வமாகக் கேட்டாள், பாவம். மத்தியானம் ஒரே கரண்டி சாதம், இரண்டு பங்கு கறியமுது, கெட்டியாகப் பருப்பு, மோர். காலையில் பாசிப்பருப்பு தோசை ஒன்று, ராத்திரி சுண்டல். ஏகாதசியில் முழு உபவாசம் வேண்டாம், பாலும் பழமும் அளவோடு. அன்றைக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று கேட்டதும் அந்தப் பெண், "இதையே தினமும் சாப்பிடலாமே சார்!" என்றாள்.

இன்று 77 கிலோ. டாக்டர் சொன்ன எட்டுக்கு இன்னும் ஒன்று பாக்கி. போன சனிக்கிழமை திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் சன்னதியில் தொன்னை நிறையப் புளியோதரை கொடுத்தார்கள். பிரசாதத்தை மறுக்க எனக்கு மனசு வராது. ஒரு வாய் எடுத்துக்கொண்டு தொன்னையைப் பேரனிடம் தந்தேன். கடலைப்பருப்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தான், படவா.