பழைய கெசட்டுகளும் பாடசாலைக் கொம்பியூட்டரும்

பாடசாலை அலுமாரியில் கிடந்த வீடியோ கெசட்டுகளை டிவிடிக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறோம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "சேர், இதுக்கு விண்டோஸ் நல்லமா, மெக் வாங்கணுமா?" பழைய மாணவர் ஒருவர் புதுக் கொம்பியூட்டருக்குக் காசு சேர்த்துத் தருவதாகவும் சொன்னார். அவருக்கு நன்றி. ஆனால் அந்தக் காசு இதற்குத் தேவையில்லை. இருக்கிற பழைய மெஷினில் லினக்ஸ் போட்டால் போதும் என்பது என் கருத்து.

முதல் விஷயம், வீடியோவை மாற்றுவது இயங்குதளம் அல்ல, அதில் ஓடும் மென்பொருள். எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக், டிவிடிஸ்டைலர் மூன்றும் இலவசம். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். ஒரே கெசட்டை ஒரே செட்டிங்கில் மாற்றினால் படத்தில் வித்தியாசம் தெரியாது. வேகம் பெரும்பாலும் புரொசசரைப் பொறுத்தது.

டிவிடியின் விதியும் எங்கும் ஒன்றுதான். நம் நாட்டுக்குப் பால் முறை: எம்பெக்-2 வீடியோ, 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படங்கள். எம்பி4 பைலை அப்படியே டிஸ்கில் கொப்பி பண்ணிக் கொடுத்தால் வீட்டிலுள்ள பழைய பிளேயர்கள் பலவற்றில் ஓடாது. 4.7 ஜிபி டிஸ்கில் 2 மணித்தியால பரிசளிப்பு விழாவை அடக்க, ஒலியும் சேர்த்து வினாடிக்கு 5 மெகாபிட் அளவில் வைக்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் கம்பெனியின் கொம்பியூட்டரும் மாற்றாது.

அப்படியானால் ஏன் லினக்ஸ்?

மெக் நல்ல மெஷின்தான். ஆனால் அவர்கள் டிஸ்க் டிரைவையே படிப்படியாக எடுத்துவிட்டார்கள். ஐடிவிடி மென்பொருளையும் கைவிட்டுவிட்டார்கள். விண்டோஸ் 7இல் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8இல் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது. எங்கள் லேபில் இருக்கும் மெஷின்களில் அது இல்லை.

மிச்சமிருப்பது நம்மில் பலர் செய்கிற வழி: கடையில் கிராக் போட்டுத் தருவது. நானும் அப்படித்தான் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் அப்படிப் போட்ட லெப்டொப்பில் வைரஸ் புகுந்து பைல்கள் எல்லாம் பூட்டப்பட்டன. அதில் என் பிள்ளையின் சின்ன வயது வீடியோக்களும் போயின. என்னுடையது போனால் என் பாடு. இந்தக் கெசட்டுகள் அப்படியல்ல. இவற்றில் இன்று நம்மோடு இல்லாத ஆசிரியர்கள் பேசுகிறார்கள். 2004 சுனாமியில் நாம் இழந்த பிள்ளைகள் சிலர் மேடையில் நின்று பாடுகிறார்கள். இது ஊர் நம்மிடம் தந்த அமானிதம். வகுப்பில் களவு கூடாது என்று சொல்லிவிட்டு, களவாக எடுத்த மென்பொருளில் இந்த வேலையைச் செய்ய எனக்கு மனமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் விண்டோஸை விட முடியவில்லை. டெக்கிலிருந்து படத்தைக் கொம்பியூட்டருக்குள் எடுக்கும் யுஎஸ்பி கருவி எங்களிடம் இருப்பது லினக்ஸில் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் விண்டோஸோடு வாங்கிய ஒரு பழைய மெஷினை இன்டர்நெட் இல்லாமல் அதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். மாற்றுவது, மெனு போடுவது, கே3பியில் டிஸ்க் எழுதுவது எல்லாம் லினக்ஸில்.

"பழக்கமில்லாத சாமானை அடுத்தவர் எப்படி நடத்துவார்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் ஒருநாள் இடமாற்றம் வரும். அதனால் ஒவ்வொரு படியையும் ஒரு கொப்பியில் எழுதி லேபில் வைத்திருக்கிறேன். தரம் 10 மாணவிகள் இருவர் அதைப் பார்த்து, என்னிடம் கேட்காமலே ஒரு டிஸ்க் செய்து முடித்தார்கள்.

டிவிடி என்பது பிளேயர் வைத்திருக்கும் நம் மூத்தவர்களுக்காக. எழுதிய டிஸ்க் சூட்டிலும் ஈரத்திலும் காலப்போக்கில் கெட்டுப்போகும். ஆகவே நல்ல தரத்தில் ஒரு பிரதியை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் சேமிக்கிறோம். ஒன்று பாடசாலையில், மற்றது வேறொரு வீட்டில்.

கொம்பியூட்டருக்குத் தர நினைத்த சகோதரரிடம் ஒரு வேண்டுகோள்: அந்தக் காசில் சிறு பகுதிக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை வாங்கித் தாருங்கள். மற்றவர்கள் வீட்டில் பாடசாலை விழாக் கெசட் இருந்தால் பூசணம் பிடிக்க முன் கொண்டுவாருங்கள். பூசணம் பிடித்திருந்தால் டெக்கில் போட்டுப் பார்க்காமல் அப்படியே தாருங்கள்.