பேரனுக்குக் குல்லா வைத்த ஸ்வெட்டர்... எந்த நூல் நல்லது?

“செங்கல்பட்டு மாவட்டத்தில் 12 செம்மறி ஆடுகள் வளர்க்கிறோம். மகள் குடும்பம் வேளச்சேரியில் இருக்கிறது. 4 வயதுப் பேரனுக்கு மார்கழிக்குள் குல்லா வைத்த ஸ்வெட்டர் ஒன்றைக் குரோஷா ஊசியில் பின்னிக் கொடுக்க ஆசை. எங்கள் ஆட்டு ரோமத்தையே நூலாக்கலாமா? பின்னி விற்றால் கட்டுபடியாகுமா?” என்று கேட்டிருக்கிறார் வாசகி ஒருவர்.

ஆட்டு ரோமம் இதற்கு உதவாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் பரவலாக இருப்பது சென்னைச் சிவப்பு இனம். இது இறைச்சிக்கான ஆடு. உடம்பில் இருப்பது குட்டை முடி. நூற்கக்கூடிய கம்பளி அல்ல. கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கருப்பு ஆகியவற்றில் ரோமம் உண்டு. ஆனால், அது முரடு. குழந்தையின் கழுத்தில் பட்டால் அரிக்கும். தமிழ்நாட்டில் மென்மையான ரோமம் தருவது நீலகிரி ஆடு மட்டுமே. உள்ளூர் ஆடுகளோடு மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து 19-ம் நூற்றாண்டில் உருவான இனம் இது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்படுகிறது.

வேளச்சேரிக்குக் கம்பளி தேவையும் இல்லை. சென்னையில் மார்கழி, தை அதிகாலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பக்கத்தில் ஏரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம், சற்றுத் தொலைவில் கடல் என்று காற்றில் எப்போதும் ஈரம். அங்கே குழந்தைக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்தி நூல்தான் பொருத்தம்.

கடையில் ‘உல்லன் நூல்’ என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும். மெல்லிய சாம்பல் மிஞ்சும். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம். கருகியது விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து, கெட்டியான கறுப்பு உருண்டையாகும். தீப்பட்டால் இது உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்பு எரியும் வீட்டில் இதை மறக்கக் கூடாது. அதற்காகப் பருத்தியில் தீப்பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். எந்த நூலானாலும் குழந்தை அடுப்பருகே போகக் கூடாது.

நடுத்தரக் கனமுள்ள பருத்தி நூல் 350 முதல் 400 கிராம் வேண்டும். ஒரே சாய எண் உள்ளதாக மொத்தமாக வாங்காவிட்டால் நிறம் வேறுபடும். ஊசி 4 மில்லிமீட்டர்.

முதலில் 4 அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னி, துவைத்து, காயவைத்து அளக்க வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. அந்த 4 அங்குலத்தில் 14 கண்ணிகள் இருந்தால், அங்குலத்துக்கு மூன்றரை. பேரனின் மார்பளவு 23 அங்குலம் என்றால், தளர்வுக்கு 3 சேர்த்து 26. அதாவது, மொத்தம் 91 கண்ணிகள். முதுகுப்பக்கம் 46, முன்பக்கம் இரண்டு பாதிகளுக்கு 23 வீதம் என 92 ஆக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. தோள்களை இணைத்த பிறகு கழுத்து விளிம்பிலிருந்தே கண்ணி எடுத்து, 10 அங்குல உயரம் பின்னி, மேல்விளிம்பை இரண்டாக மடித்துச் சேர்த்தால் குல்லா தயார்.

குல்லாவிலும் கழுத்திலும் நாடா கோக்கவே கூடாது. சறுக்குமரத்திலோ, பேருந்துக் கதவிலோ நாடா மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால், அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே குழந்தைகள் உடையின் குல்லா, கழுத்து நாடாக்களை நீக்கச் சொன்னது. முன்பக்கம் பொத்தான் போதும். அதையும் இழுத்தால் வராதபடி தைத்து, அடிக்கடி சரிபார்க்க வேண்டும். தூங்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்து, விற்பனை. சந்தைக்கு வரும் குரோஷா பின்னல் இயந்திரத்தில் செய்யப்படுவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் கை வேலை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையைக் காட்டிக் கின்னஸ் சாதனை படைத்ததும் கைகளால்தான். ஆனால், சந்தையில் போட்டி இயந்திரத்தில் பின்னிய மலிவான ஸ்வெட்டரோடு. உதாரணத்துக்கு, நூல் 500 ரூபாய், வேலை 25 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 ரூபாய் வீதம் கூலியே 1,500 ரூபாய். 2,000 ரூபாய்க்குக் குறைத்துக் கொடுத்தால் நஷ்டம் பின்னியவருக்குத்தான். பாலுக்குத் தீவனச் செலவை மட்டும் பார்த்து, கறப்பவரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்வது போன்ற தவறு இது. எனவே, முன்பணத்துடன் ஆர்டர் வந்தால் மட்டும் ஸ்வெட்டர் பின்னலாம். மற்றபடி இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் குழந்தைத் தொப்பி, காலுறை போன்றவற்றில் தொடங்குவது நல்லது.

பேரனுக்குப் பின்னுவதற்கு இந்தக் கூலிக் கணக்கு தேவையில்லை. ஐப்பசியிலேயே ஆரம்பித்து, தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மார்கழிக்குள் முடித்துவிடலாம்.